பள்ளி திறந்தால் ஆயாவின் ஊதியம் குறைய வேண்டுமா?

ஜூன் மாதம் நெருங்கும்போது சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ஒரே உரையாடல் நடக்கிறது. குழந்தைக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது. எல்.கே.ஜி.யில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டியாயிற்று, சீருடையும் வந்துவிட்டது. அடுத்த கேள்வி உடனே எழுகிறது: "பாப்பா பாதி நாள் ஸ்கூலுக்குப் போயிடுமே, ஆயாவுக்கு எதுக்கு முழுச் சம்பளம்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், வீட்டுக் கடன் தவணை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பவர்கள். அந்தத் தாளில் குறைக்கக்கூடியதாகத் தோன்றும் தொகை ஒன்றே ஒன்றுதான். பள்ளியிடம் பேரம் பேச முடியாது, வங்கியிடமும் முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மட்டும் பேசலாம். பேச வேண்டிய தேவைகூட இல்லை, முடிவைச் சொன்னால் போதும்.

அவ்வாறு முடிவைச் சொன்னால் போதும் என்ற நிலை எங்கிருந்து வந்தது என்பதையும், அந்தக் கணக்கு உண்மையில் சரிதானா என்பதையும் இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறோம். வீட்டு வேலைத் தொழிலாளர்களின் ஊதியம் நமக்கு வெளியிலிருந்து பார்க்கும் செய்தி அன்று. நம்மில் பலருடைய தாய்மாரும் பாட்டிமாரும் ஆயாக்களாக உழைத்தே நம்மைப் படிக்கவைத்தனர். நம்மில் சிலர் இன்று படித்து, பணியில் சேர்ந்து, நம் குழந்தைக்கு ஓர் ஆயாவை அமர்த்தும் இடத்துக்கும் வந்திருக்கிறோம். ஆகவே இந்தக் கேள்வி இருபுறமும் நம்மைத் தொடுகிறது.

வேலை குறைகிறதா?

பள்ளிக்குச் செல்லாத குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் நாளை முதலில் எண்ணிப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குத் திரும்புகிறார் என்று கொள்வோம். குளிப்பாட்டுதல், ஊட்டுதல், தூங்கவைத்தல், மலசலம் சுத்தம் செய்தல், விளையாட்டுக் காட்டுதல், துணி துவைத்து மடித்தல் என்று பத்து மணி நேரம் கழிகிறது. குழந்தை தூங்கும் ஒன்றரை மணி நேரந்தான் அவர் உட்காரும் நேரம்.

இனிப் பள்ளி தொடங்கிய பிறகு வரும் நாள். பள்ளி 8.30க்குத் தொடங்குகிறது என்றால், குழந்தையை எழுப்பி, அழுகையைத் தேற்றி, குளிப்பாட்டி, சீருடை போட்டு, டிபன் பாக்ஸைக் கட்டி வேனில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆயா 7.30க்கே வந்தாக வேண்டும். நண்பகல் 12.30க்குக் குழந்தை திரும்புகிறது. அதன்பின் சோறு, தூக்கம், வீட்டுப்பாடம், விளையாட்டு. பெற்றோர் அலுவலகத்திலிருந்து வரும் நேரம் மாறவில்லை. ஆகவே அவர் கிளம்பும் நேரமும் அதே 6 மணிதான்.

இடையில் குழந்தை வீட்டில் இல்லாத நேரம் நான்கு மணி. "அவங்களுக்கு ஃப்ரீ" என்று வீட்டார் சொல்லும் நேரம் இது. ஆனால் அந்த நான்கு மணி நேரம் யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாக்கத்திலிருந்து அடையாறுக்கு வேலைக்கு வரும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்த, பெரும்பகுதியும் தலித்துகளான குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அரசு அகற்றியது. வேலை செய்த வீடுகள் நகருக்குள்ளேயே இருந்துவிட்டன. வேலை செய்தவர்கள் மட்டும் நகருக்கு வெளியே போனார்கள். இன்று பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிப் பயணத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. அது பணத்தை மிச்சப்படுத்துகிறது, நேரத்தை அன்று. 8.30க்கு வீடு திரும்பி 12.30க்கு மீண்டும் வருவது அவருக்குப் பொருளற்றது. அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டிலோ வாகன நிறுத்தத்திலோ அந்த நேரம் கழியும்; இல்லையென்றால் அதே வீட்டில் வேறு வேலையாக மாறும்.

அந்த நேரத்தில் அவர் வேறு வீட்டில் வேலை பார்க்கலாமே என்று கேட்கலாம். அதே குடியிருப்பில் வேலை கிடைத்தால் பார்க்கலாம். ஆனால் பள்ளியிலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல், அழைத்துப் போங்கள் என்று அழைப்பு வந்தால் யார் போவது? அரை நாள் பள்ளி, விடுமுறை, மழை விடுமுறை, காலாண்டு விடுமுறை, மே மாத விடுமுறை ஆகியவற்றில் யார் நாள் முழுவதும் இருப்பது? இவை அனைத்துக்கும் அவரையே எதிர்பார்க்கிறோம் என்றால், அந்த நான்கு மணி நேரமும் அவருடையதாக ஆகவில்லை. நாம் அதைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுண்டு. குழந்தை அவர் கையில் இருக்கும் நேரம் குறைகிறது. அவர் நமக்காக ஒதுக்கி வைக்கும் நாள் குறையவில்லை. நமது எடுத்துக்காட்டில் அது பத்து மணியிலிருந்து பத்தரை மணியாகக் கூடியே இருக்கிறது.

தாளில் எழுதிப் பார்த்தால்

எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். கணக்கிடும் முறை மாறாது.

மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 260 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 ரூபாய் கிடைக்கிறது. இப்போது "அரை நாள்தானே" என்று சொல்லி 9,000 ரூபாயாகக் குறைக்கிறார்கள். பள்ளி நேரத்தைக் கழித்துவிட்டால் அவர் வேலை செய்யும் நேரம் காலை ஒரு மணியும் பிற்பகல் ஐந்தரை மணியுமாக ஆறரை மணி. மாதத்துக்கு 169 மணி. 9,000 ரூபாயை 169ஆல் வகுத்தால் மணிக்கு 53 ரூபாய். அதாவது நேரம் குறைந்ததால் ஊதியம் குறைந்தது என்று சொல்லிக்கொண்டே, மணிக்கான கூலியையும் ஐந்து ரூபாய் குறைத்திருக்கிறார்கள். இதில் காத்திருக்கும் நான்கு மணி நேரத்துக்கு மதிப்பு சுழியம். விடுமுறை நாளில் முழு நாள் இருப்பதற்கும் தனியாக எதுவும் இல்லை.

நேரம் பாதியாகவில்லை, ஊதியம் மட்டும் பாதியை நெருங்குகிறது. "அரை நாள்" என்னும் சொல்தான் இந்தக் கணக்கை மறைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊதியத்தை அப்படியே 15,000 ரூபாயாக வைத்திருப்பதும் நடுநிலை அன்று. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், கடந்த ஆண்டு 15,000 ரூபாயில் வாங்கியதை இந்த ஆண்டு வாங்க 15,900 ரூபாய் வேண்டும். ஆகவே 900 ரூபாய் கூட்டிக்கொடுப்பது உயர்வு ஆகாது. கடந்த ஆண்டு நின்ற இடத்திலேயே நிற்கவைப்பது மட்டுமே. அதற்கு மேல் தரப்படும் தொகைதான் ஊதிய உயர்வு. அலுவலகத்தில் தன் ஊதிய உயர்வைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்கும் ஒருவர், வீட்டுக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறார்.

சட்டம் எதுவரை வருகிறது?

1946இல், வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் அறிமுகப்படுத்தினார். 1948இல் அது சட்டமானது. சங்கம் அமைத்துப் பேரம் பேச இயலாத தொழிலாளர்களுக்கு அரசே ஒரு தரைமட்டத்தை வகுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணை அந்தச் சட்டம் எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. 2018இல் வீட்டு வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. திறன்சாராப் பணிக்கு மணிக்கு 37 ரூபாய் என்று அது தொடங்கியது. மேலே பார்த்த 169 மணி நேரத்தை 37ஆல் பெருக்கினால் 6,253 ரூபாய் வருகிறது. அதாவது 9,000 ரூபாயாகக் குறைத்த வீட்டுக்காரர் 2018ஆம் ஆண்டின் அந்த அளவுகோலை மீறியவர் ஆகமாட்டார். தரைமட்டத்தை அவ்வளவு தாழ்வாக வைத்தால், அநீதியும் அதன் மேலேயே நின்றுகொள்ளும்.

"திறன்சாராப் பணி" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தையின் அழுகையில் பசி எது, வயிற்றுவலி எது என்று பிரித்தறிவது, காய்ச்சல் ஏறும் முன்பே உடம்புச் சூட்டைக் கையால் உணர்வது, முதல் நாள் பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தையை வேன் வரை நடத்திச் செல்வது ஆகிய எதற்கும் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் திறனும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அதே பணியைச் செய்யும் மழலையர் பள்ளி ஆசிரியருக்குப் பெயர் ஆசிரியர். இவருக்குப் பெயர் ஆயா.

வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று நிறைவேறியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டுத் தொழிலாளர்களில் பலர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், ஏழைகள் என்பதைக் குறிப்பிட்டு, அவர்களுக்கான சட்டக் கட்டமைப்பை ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பு சொன்ன உண்மை நம் சேரிகளில் எவருக்கும் புதிதன்று.

தொழிற்சாலையில் ஐந்தாண்டுகள் பணியாற்றி விலகுபவருக்குப் பணிக்கொடை உண்டு. பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது அதன் கணக்கு. வீட்டில் ஐந்தாண்டுகள் குழந்தை வளர்த்தவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வீடு நிறுவனம் ஆகாது என்பதே காரணம். வேலை வாங்கும்போது நிறுவனம்போல நேரம் பார்க்கும் வீடு, கணக்கு முடிக்கும்போது மட்டும் வீடாகிவிடுகிறது.

சாதி எங்கே இருக்கிறது?

இது வர்க்கச் சிக்கல்தானே, இதில் சாதியை ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று சிலர் கேட்பதுண்டு. பள்ளி திறந்த பிறகு அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

"சும்மா உட்கார்ந்திருக்காங்களே" என்ற நினைப்பு வந்ததும் ஆயாவுக்கு வேறு வேலை தேடப்படுகிறது. சமையலறையில் அந்த நேரத்தில் வேலை நிறைய இருக்கும். சமையலுக்கு ஊதியமும் கூடுதல். ஆனால் சாதி பார்க்கும் வீட்டில் சமையல் தலித் பெண்ணுக்குத் தரப்படுவதில்லை. தரப்படுவது மேல் வேலை: வீடு பெருக்கித் துடைப்பது, பத்துப் பாத்திரம் தேய்ப்பது, பால்கனி கழுவுவது, இறுதியில் குளியலறையும் கழிப்பறையும். குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்த கை என்பதால், எல்லோருடைய கழிப்பறையையும் சுத்தம் செய்யும் கையாக அது எளிதில் மாற்றப்படுகிறது. குழந்தைக்கு ஊட்டிவிட்ட அதே கை குழம்பைத் தொட்டால் மட்டும் தீட்டு.

ஆக, குழந்தை பள்ளிக்குப் போகும் நாளில் அந்தப் பெண்ணின் பணி சத்தமில்லாமல் மாற்றப்படுகிறது. குழந்தை வளர்ப்பவராக வந்தவர், கழிப்பறை கழுவுபவராகிறார். ஊதியம் குறைகிறது, மாண்பும் குறைகிறது, அவர் ஒப்புக்கொண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கு ஒரு வீட்டின் சமையலறை வாசலுக்கும் கழிப்பறை வாசலுக்கும் இடையில் இன்றும் இருக்கிறது. தனி டம்ளர், தனித் தட்டு, பணியாளருக்கென்று தனி மின்தூக்கி ஆகியவை அதன் வெளித்தோற்றங்கள். அரசமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமை, ஊதியப் பேச்சுக்குள் வேறு பெயரில் நுழைகிறது: "அவங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?"

தேவை முடிந்ததும் ஆயாவைக் கைவிடுவதும் நேற்றுத் தோன்றியதன்று. "ஆயா" என்பதே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். காலனிய காலத்தில் சென்னையிலிருந்த ஆங்கிலேயர் வீடுகளில் பணியாளர்களாக இருந்தவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்களே. கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்பும் குடும்பங்கள், வழியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து ஆயாக்களை உடன் அழைத்துச் சென்றன. கரை சேர்ந்ததும் தேவை முடிந்துவிடும். திரும்பிவரப் பயணச்சீட்டு இல்லாமல் இலண்டனில் விடப்பட்ட ஆயாக்கள் பலர். அவர்கள் தங்குவதற்கென்றே இலண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு விடுதி இருந்தது. 2022இல் அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. கப்பலுக்குப் பதில் இன்று பள்ளி வேன். குழந்தை ஏறிப் போன பின் அந்தப் பெண் எங்கே நிற்கிறார் என்ற கேள்வி மாறவில்லை.

"எங்க வீட்டு ஆள் மாதிரி"

ஊதியம் பற்றிப் பேச்செடுத்தால் வரும் மறுமொழி பெரும்பாலும் இதுதான்: "அவங்க எங்க வீட்டு ஆள் மாதிரி." தீபாவளிக்குப் புடவை கொடுத்ததும், மருத்துவச் செலவுக்கு உதவியதும் பட்டியலிடப்படும். இவற்றில் உண்மையான அன்பும் இருக்கலாம். ஆனால் அன்பு ஊதியத்தின் இடத்தில் வைக்கப்படும்போது, அது பேரம் பேசும் உரிமையைப் பறிக்கிறது. வீட்டு ஆளிடம் யாரும் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. வீட்டு ஆளும் உயர்வு கேட்கக் கூடாது. வீட்டு ஆளை ஜூன் மாதத்தில் "இனி வர வேண்டாம்" என்றும் யாரும் சொல்வதில்லை என்பது மட்டும் வசதியாக மறக்கப்படுகிறது.

அந்தப் பெண்ணின் பக்கத்திலும் அன்பே அவரைக் கட்டிப்போடுகிறது. மூன்று ஆண்டுகள் தோளில் தூக்கிய குழந்தையை விட்டுப் போக மனம் வராது. 9,000 ரூபாய்க்கும் அவர் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று கொள்வது தவறு.

அவருடைய வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கக்கூடும். 7.30க்கு அடையாறில் இருக்க வேண்டுமானால் 6 மணிக்கே பெரும்பாக்கத்தில் பேருந்து ஏற வேண்டும். தன் குழந்தைக்குத் தலைவாரிவிட அவருக்கு நேரமில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்குச் சோறிடுகிறது. பசியைப் போக்கியதோடு, இத்தகைய தாய்மார்களின் குற்றவுணர்வையும் அது ஓரளவு குறைத்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஒரு குழந்தையின் டிபன் பாக்ஸை அவர் கட்டும் அதே வேளையில் அவருடைய குழந்தை பள்ளி வரிசையில் தட்டேந்தி அமர்ந்திருக்கிறது. அவருக்கும் ஜூன் மாதந்தான் பள்ளி திறக்கும் மாதம். நோட்டும் காலணியும் புத்தகப் பையும் அவருக்கும் செலவுதான். அந்த மாதத்தில்தான் அவருடைய ஊதியத்தில் 6,000 ரூபாய் வெட்டப்படுகிறது.

எப்படி முடிவெடுப்பது?

அப்படியானால் சரியான முடிவு எது? ஆயா அமர்த்தும் இடத்தில் இருப்போர் பின்பற்றக்கூடிய வழியை நாம் இவ்வாறு பார்க்கிறோம்.

முதலில், நேரத்தை எண்ணும் முறையை மாற்ற வேண்டும். குழந்தையோடு இருக்கும் மணிகளை எண்ணாமல், அவர் வீட்டை விட்டு நமக்காக ஒதுக்கிய நாளை எண்ண வேண்டும். அவர் இடைப்பட்ட நேரத்தில் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றோ, அழைத்தால் வர வேண்டும் என்றோ எதிர்பார்த்தால், அது முழு நாள் வேலை. அடிப்படை ஊதியத்தில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. அதன்மேல் விலைவாசிக்கு ஈடாக ஒரு தொகை, அதற்கு மேல் உண்மையான உயர்வு, நேரம் முன்கூட்டித் தொடங்கினால் அதற்கான கூலி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் விலைவாசி ஈடு 900 ரூபாய். நாள்தோறும் அரை மணி நேரம் கூடுதலாக வருவதால் மாதம் 13 மணி நேரத்துக்கு 750 ரூபாய். 16,650 ரூபாயில்தான் பேச்சே தொடங்குகிறது.

இரண்டாவதாக, அந்த நான்கு மணி நேரத்தை உண்மையிலேயே விடுவிக்க எண்ணினால் முழுமையாக விடுவிக்க வேண்டும். அந்நேரத்தில் அவர் வேறு வீட்டில் வேலை செய்யலாம். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் பெற்றோர்தாம் போக வேண்டும். அப்போது மணிக்கணக்கில் ஊதியம் பேசலாம். ஆனால் துண்டு துண்டான வேலைக்கு மணிக்கூலி முழு நாள் வேலையைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். ஏனெனில் பயண நேரம் அவருக்குக் குறையவில்லை. மணிக்கு 75 ரூபாய் என்று வைத்தால் 169 மணி நேரத்துக்கு 12,675 ரூபாய் வருகிறது. பள்ளி விடுமுறையில் முழு நாள் வந்தால் அந்தக் கூடுதல் மணிகளுக்குத் தனிக்கூலி.

மூன்றாவதாக, புதிய வேலை எதையும் அவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. என்னென்ன வேலை என்று எழுதிக்கொள்ள வேண்டும். கழிப்பறை கழுவுவது குழந்தை பராமரிப்பின் தொடர்ச்சி அன்று. மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. சமையல் அவருக்குத் தெரியும், விருப்பமும் இருக்கிறது என்றால், சமையலுக்குரிய ஊதியத்தோடு அதைத் தர வேண்டும். அதைத் தர நம் கை தயங்கினால், எதனால் தயங்குகிறது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, விடுமுறை. குடும்பம் மே மாதத்தில் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்கான ஊதியத்தை வெட்டக் கூடாது. வீடு மூடியிருந்தது நம் முடிவு, அவருடையது அன்று. வார விடுப்பும், ஆண்டுக்கு ஊதியத்தோடு கூடிய சில நாட்களும், ஒரு மாத ஊதிய அளவில் தீபாவளிப் போனசும் வழக்கமாக வேண்டும்.

ஐந்தாவதாக, இனி அவர் தேவையே இல்லை என்ற நிலை வந்தால், அதை ஜூன் முதல் வாரத்தில் சொல்லக் கூடாது. பள்ளியில் இடம் கிடைத்த நாளிலேயே நமக்குத் தெரியும். அன்றே அவருக்கும் தெரிய வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பு தந்தால் அவர் வேறு வீடு தேடிக்கொள்வார். விலகும்போது ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற பணிக்கொடைக் கணக்கை நாமாகவே பின்பற்றலாம். 26 வேலை நாட்கள் கொண்ட மாதத்துக்கு 15,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு, மூன்று ஆண்டுப் பணிக்கு அது ஏறத்தாழ 26,000 ரூபாய் ஆகிறது. ஓராண்டு எல்.கே.ஜி. கட்டணமாக இதைவிடப் பல மடங்கு தொகையை மறுப்பின்றிக் கட்டும் வீடுகள் உண்டு.

ஆறாவதாக, அவர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவுக்கு உதவ வேண்டும். இந்தப் பெண் எங்கள் வீட்டில் பணிபுரிகிறார் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப் பல வீடுகள் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தின் விலையை அவர் முதுமையில் ஓய்வூதியம் இல்லாமல் செலுத்துகிறார்.

நம் வீட்டிலிருந்து தொடங்குவது

இவ்வளவும் செய்ய நம்மால் இயலுமா என்று கேட்கும் இளம் தலித் குடும்பங்கள் இருக்கின்றன. முதல் தலைமுறை ஊதியக்காரர்கள் நாம். ஊரிலிருக்கும் பெற்றோருக்கும், தம்பி தங்கையின் படிப்புக்கும் அனுப்பிய பின் மிஞ்சுவது கொஞ்சம். அந்த நெருக்கடி உண்மையானது. இயலாது என்றால் இயலாது என்று நேரே சொல்லி, நேரத்தை உண்மையாகக் குறைத்து, அந்த நேரத்தை அவரிடம் முழுதாகத் திருப்பித் தருவது நேர்மையான வழி. நாளை முழுதாகப் பிடித்து வைத்துக்கொண்டு பாதி ஊதியம் தருவது அப்படியன்று. அதைத்தான் நம் தாய்மாரிடம் பிறர் செய்தார்கள்.

நிறுவனங்களுக்கும் அரசுக்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் தொடர வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் வாழத்தக்க ஊதியமாக உயர வேண்டும். குழந்தை பராமரிப்பு திறன்சார்ந்த பணியாக ஏற்கப்பட வேண்டும். வீட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வர வேண்டும். இவை வரும்வரை ஊதியம் முடிவாகும் இடம் ஒவ்வொரு வீட்டின் கூடம்தான். அங்கே சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. இரு தரப்பு மட்டுமே.

ஆகவே பேச்சைத் தொடங்கும் முறையும் முடிவின் ஒரு பகுதியே. கணவனும் மனைவியும் தனியே பேசி முடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் வாசலில் நிறுத்தி ஒரு தொகையைச் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். "அக்கா, பாப்பா ஜூன்ல ஸ்கூலுக்குப் போகுது. நேரம் எப்படி மாறும், சம்பளம் எப்படி வைக்கலாம்னு உங்களோட பேசணும், உட்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட வேண்டும். தாளையும் எழுதுகோலையும் நடுவில் வைக்க வேண்டும். முதல் தொகையை அவர் சொல்லட்டும். அது நாம் மனதில் வைத்திருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால், அங்கிருந்து பேசுவோம்.